ஹாஸ்மேட் ஒத்திகை: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஆபத்தான ரசாயனம் கசிந்தால் இறங்கி வேலை செய்யும் குழுக்களுக்கு ஒத்திகை நடத்தும்போது, ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. கேட்டவர் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

மாக் டிரில், டேபிள்டாப், ஃபுல் ஸ்கேல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. டேபிள்டாப் என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வரைபடத்தை விரித்துவைத்து, "காற்று திரும்பிவிட்டது, இப்போது என்ன?" என்று பேசித் தீர்ப்பது. யாரும் பூட்ஸ்கூடப் போடமாட்டார்கள். டிரில் என்பது ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது: சூட் (ரசாயனப் பாதுகாப்பு உடுப்பு) மாட்டுவது, டீகான் (வெளியே வருபவரின் மேல் ஒட்டிய ரசாயனத்தைக் கழுவி நீக்கும் வரிசை) விரிப்பது, கசியும் வால்வில் ஹூட் என்ற மூடியைப் பொருத்துவது. ஃபங்ஷனல் என்பதில் கட்டுப்பாட்டு அறை முழுவேகத்தில் இயங்கும், ஆனால் களத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். களத்துச் செய்தியெல்லாம் துண்டுச்சீட்டில் வரும். இவை எல்லாம் ஒரே நாளில் நிஜ வண்டி, நிஜத் தண்ணீர், நடிக்கும் காயக்காரர்களோடு நடந்தால் அது ஃபுல் ஸ்கேல்.

"மாக் டிரில்" என்ற சொல்லை இந்த நான்குக்குமே பயன்படுத்துகிறார்கள். திட்டமிடும் கூட்டத்தில் முதல் வேலையாக எது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தேநீரோடும் இன்னொருவர் தீயணைப்பு வண்டியோடும் வந்து நிற்பார்கள்.

புதுசா ஆரம்பிக்கிற டீம், நேரா சூட் போட்டு இறங்கிடலாமா?

கூடாது. முதல் பயிற்சி தூரத்தில் நின்று பார்ப்பது. ஒரு டேங்கர் படத்தையோ நிறுத்திவைத்த காலி வண்டியையோ 100 மீட்டருக்கு அப்பால் வைத்து, பைனாகுலரில் ஐநா எண்ணை, அதாவது என்ன ரசாயனம் என்று காட்டும் நான்கு இலக்க எண்ணை, படிக்கச் சொல்லுங்கள். 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1203 பெட்ரோல் என்று சொல்வதோடு நிற்கக்கூடாது. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எத்தனை மீட்டர் ஒதுக்க வேண்டும் என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவசரகால உதவிக் கையேட்டின்படி குளோரின் கசிவுக்கு உடனடி ஒதுக்கம் எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டர், பெட்ரோல் சிந்தலுக்கு 50 மீட்டர், டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் இரண்டுக்கும் 800 மீட்டர்.

இதைப் பத்துத் தடவை செய்த குழுவுக்குத்தான் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற உணர்வு வரும். காற்றடிக்கும் பக்கத்திலிருந்து, மேட்டுப்பக்கமாக, வண்டியின் மூக்கு வெளியேறும் திசையைப் பார்த்தபடி. ஒத்திகையில் முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: எல்லோரும் கசிவைப் பார்க்க வசதியான இடத்தில் நிறுத்துகிறார்கள்.

உண்மையான குளோரின், அமிலம் கொஞ்சமா வெச்சுப் பழகினாதானே பயம் போகும்?

பயம் போக வேண்டாம், அளவோடு இருக்கட்டும். பழகவேண்டியது கை, மூக்கல்ல. திரவத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர் போதும். பிஎச் தாள் நிறம் மாற வேண்டுமென்றால் அமிலத்துக்கு வினிகர், காரத்துக்குச் சலவைசோடாக் கரைசல். வாயு மேகத்துக்கு மேடைப் புகை இயந்திரம். குழாய்க் கசிவுக்குக் குறைந்த அழுத்தக் காற்று. சோப்புக் கரைசல் தடவினால் குமிழி வரும்.

போலிப் பொருளிலும் ஆபத்து உண்டு. உலர்பனியை வெந்நீரில் போட்டால் அழகான வெள்ளை மேகம் வரும்; அதோடு சேர்ந்து வருவது கரியமிலவாயு. தாழ்வான அறையில், குழியில் செய்தால் ஆளைச் சாய்க்கும். நைட்ரஜன் சிலிண்டரை வைத்து "கசிவு" காட்டுவதும் அப்படித்தான். சாதாரண 200 லிட்டர் டிரம்முக்குள் காற்றழுத்தம் ஏற்றவே கூடாது, அது அழுத்தக்கலம் அல்ல. ஒரு மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டியை வைத்துக் குழாயில் இணைத்தாலே 0.1 பார் கிடைக்கும். ஓட்டையிலிருந்து பீய்ச்ச அது தாராளம்.

லெவல் ஏ, பி, சி இருக்கே. எப்பவும் ஏ போட்டா சேஃப் தானே?

லெவல் ஏ வாயு புகாத முழு உறை. உள்ளே பிஏ செட், அதாவது முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரும் முகமூடியும். லெவல் பி-யிலும் அதே பிஏ செட்தான், ஆனால் உடுப்பு தெறிப்பை மட்டும் தாங்கும். லெவல் சி-யில் வடிகட்டி முகமூடி; என்ன வாயு, எவ்வளவு செறிவு என்று தெரிந்து, ஆக்சிஜனும் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே அது. தோலைத் தாக்கும் வாயு என்றால் ஏ. ஆவி குறைந்த திரவம் தெறிக்கும் ஆபத்து மட்டுமே என்றால் பி போதும். எப்போதும் ஏ போட்டால் வெப்பம் ஏறும், காது கேட்காது, பார்வை சுருங்கும், கையுறை மூன்றடுக்காகி நட்டைப் பிடிக்க முடியாது. இன்னொன்று: சாதாரண லெவல் ஏ உடுப்பு தீயைத் தாங்காது. எரியும் வாயு மேகத்துக்குள் "ஏ போட்டிருக்கிறேன்" என்று நுழைவது சொந்தச் செலவில் சூனியம்.

ஒத்திகைக்குத் தேய்ந்த சூட்களைத் தனியாக ஒதுக்கி, முதுகில் பெரிய எழுத்தில் "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதுங்கள். ஓட்டை விழுந்த பயிற்சி சூட் நிஜப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது கற்பனை ஆபத்தல்ல. நிஜ சூட்டை ஒத்திகைக்கு எடுத்தால், திரும்ப மடிப்பதற்குமுன் அழுத்தச் சோதனை கட்டாயம். ஐரோப்பிய முறையில் 17.5 மில்லிபாருக்கு ஊதிப் 10 நிமிடம் விட்டு, 16.5-க்கு இறக்கி, 6 நிமிடத்தில் 3 மில்லிபாருக்குமேல் குறைகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் சூட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

சிலிண்டர்ல 45 நிமிஷம்னு போட்டிருக்கு. அப்போ 45 நிமிஷம் உள்ள வேலை பார்க்கலாம் இல்ல?

இந்த ஒரு கணக்கைக் குழு முழுவதும் கரும்பலகையில் போட்டுப் பார்க்க வேண்டும். 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார்: பெருக்கினால் 2040 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 51 நிமிடம் வரும். 45 போன்ற எண்கள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் சூட்டுக்குள் டிரம் உருட்டுபவர் நிமிடத்துக்கு 60 லிட்டரைச் சுலபமாக இழுப்பார். காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் 55 பார் வாக்கில் ஊதும். அந்த மீதி 374 லிட்டரைத் தொடக்கூடாது. கையில் இருப்பது 1666 லிட்டர், அதாவது 28 நிமிடம்கூட முழுதாக இல்லை.

அதிலிருந்து கழியுங்கள். முகமூடி மாட்டியபின் ஜிப் போட்டுச் சரிபார்க்க 3 நிமிடம், நடந்து போக 4, திரும்ப 4, டீகானில் 6. மொத்தம் 17. கசிவின் முன்னால் நிற்கக் கிடைப்பது சுமார் 11 நிமிடம். 300 பாரில் காற்று இந்த எளிய பெருக்கல் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவாகவே அடைபடும் என்பதால் 10 என்று வையுங்கள். ஒவ்வொருவரும் எந்த நிமிடத்தில் எத்தனை பார் என்பதை வெளியே ஒருவர் பலகையில் எழுத வேண்டும். இருவர் போனால் வேகமாகக் காற்று தீர்பவரின் எண்ணே இருவருக்கும் எண்.

டீகான் லைனை, உள்ள போனவங்க திரும்பறதுக்குள்ள விரிச்சாப் போதாதா?

போதாது. மூன்றாம் நிமிடத்திலேயே கையுறை கிழிந்து ஒருவர் திரும்பலாம். அதனால் விதி இது: டீகானில் தண்ணீர் ஓடுவதைப் பாதுகாப்பு அலுவலர் கண்ணால் பார்த்து, அதே தர சூட்டில் மாற்று இணை (இரண்டு பேர்) தயாராக உட்கார்ந்த பிறகுதான் முதல் இணை ஹாட் ஜோனுக்குள், அதாவது கசிவைச் சுற்றிய ஆபத்துப் பகுதிக்குள், கால் வைக்கலாம். ஒத்திகையில் இதை மீறினால் அங்கேயே நிறுத்துங்கள். மன்னிக்கக்கூடிய தவறுகளில் இது இல்லை.

டீகான் சரியாக நடந்ததா என்று காட்ட ஒளிரும் பொடியைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கழுவினால் போகக்கூடிய ஒளிரும் பொடியைக் கொஞ்சம் லோஷனில் குழைத்து, யாருக்கும் சொல்லாமல் டிரம்மின் விளிம்பிலும் வால்வுக் கைப்பிடியிலும் தடவிவிடுங்கள். வேலை முடிந்து, கழுவி, சூட் கழற்றியபின் ஒவ்வொருவரையும் இருட்டுக் கூடாரத்துக்குள் அழைத்துப் புறஊதா விளக்கடியுங்கள். மணிக்கட்டு மடிப்பில், ஜிப் மூடியின் அடியில், பூட்ஸின் குதிகால் பள்ளத்தில், அக்குளில் மினுங்கும். அதோடு முடியாது. கழுவிவிட்ட உதவியாளரின் முன்கையிலும், சில சமயம் உள்ளே போனவரின் தாடையிலும் மினுங்கும். தாடைக்கு எப்படி வந்தது என்றால், வெளிக்கையுறையோடு முகமூடியைக் கழற்றியிருப்பார். கழற்றும் வரிசையை நூறு முறை சொன்னாலும் ஏறாது. அந்தப் பச்சைப் புள்ளியைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தால் ஏறும். சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டி இறக்க வேண்டும், உதவியாளர் வெளிப்புறத்தை மட்டும் தொட வேண்டும், அணிந்தவர் உட்புறத்தை மட்டும். முகமூடி கடைசிக்கு முன், உள்கையுறை கடைசி.

ஒரு சின்ன எச்சரிக்கை: சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி புறஊதா ஒளியில் தானாகவே நீலமாக ஒளிரும். வெள்ளைப் பனியனைப் பார்த்து "மாசு" என்று கூச்சல் போடாமல் இருக்க, தொடங்கும் முன்பே எல்லோரையும் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜ வாயு இல்லாம கேஸ் மீட்டர் எப்படிப் பழகறது?

மீட்டரைக் கையில் கொடுத்து, காட்டும் எண்ணை மட்டும் சீட்டில் கொடுங்கள். (எல்இஎல் என்பது கீழ் எரிவெல்லை, அதாவது வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்த அளவு; மீட்டர் அதில் எத்தனை சதவீதம் காற்றில் இருக்கிறது என்று காட்டும்.) "கதவருகே முழங்கால் உயரம்: ஆக்சிஜன் 19.9, எல்இஎல் 0." இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் தேர்வு. "ஆக்சிஜன் 19.5-க்கு மேல், பரவாயில்லை" என்றால் தோல்வி. 20.9-இலிருந்து ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது என்றால் காற்றில் ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50,000 பங்கு), வேறு ஏதோ புகுந்திருக்கிறது.

அடுத்த சீட்டு அம்மோனியாவுக்கு. எல்இஎல் 1 சதவீதம். மீட்டர் அலாரம்கூட அடிக்காது, பொதுவாக 10-இல்தான் அடிக்கும். ஆனால் அம்மோனியாவின் கீழ் எரிவெல்லை 15 சதவீதம். அதில் நூறில் ஒரு பங்கு 1500 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று சொல்லும் அளவு 300 பிபிஎம். வெடிக்காது என்பதும் மூச்சுவிடலாம் என்பதும் வேறு வேறு என்று புரியவைக்க இந்த ஒரு கணக்கு போதும். புறஊதா விளக்கால் வாயுவை அயனியாக்கிக் கண்டறியும் பிஐடி மீட்டரிலும் பொறி வைக்கலாம்: வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குக்குக் குளோரினோ மீத்தேனோ கார்பன் மோனாக்சைடோ தெரியவே தெரியாது. "பூஜ்யம் காட்டுகிறது, சுத்தம்" என்று ரேடியோவில் சொல்பவரை அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். பயிற்சி என்றாலும் பம்ப் டெஸ்ட் (bump test: சோதனை வாயுவைக் கொஞ்சம் காட்டி மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது) செய்யாத மீட்டரோடு உள்ளே அனுப்ப வேண்டாம். பழக்கம் அங்கேதான் கெடும்.

லீக் அடைக்கிற பயிற்சியில என்ன தப்பு அதிகம் நடக்குது?

அடைக்க ஓடுவதுதான் தப்பு. டிரம்மின் பக்கவாட்டில் ஓட்டை என்றால் முதல் வேலை ஓட்டை மேலே வரும்படி உருட்டுவது. பாதிக்குமேல் பிரச்சினை அதிலேயே முடியும். ஆப்பு, பட்டை, பேஸ்ட் எல்லாம் பிறகு. ஆனால் உருட்டும் முன் எடையைக் கேளுங்கள்: தண்ணீர் நிறைந்த 200 லிட்டர் டிரம்மே 200 கிலோவைத் தாண்டும். அடர்கந்தக அமிலம் என்றால் அதன் அடர்த்தி 1.84, சரக்கு மட்டும் 368 கிலோ. பயிற்சி டிரம்மில் பாதித் தண்ணீர் வைத்துப் பழகியவர் நிஜத்தில் முதுகை ஒடித்துக்கொள்வார்.

குளோரின் டன் கண்டெய்னருக்கும் (சுமார் ஒரு டன் குளோரின் அடைத்த உருளைக் கலம்) அதே தர்க்கம். படுத்திருக்கும் கலத்தில் இரண்டு வால்வும் மேலும் கீழுமாக நின்றால் மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம். திரவக் குளோரின் ஆவியானால் சுமார் 460 மடங்கு விரியும். எனவே கசியும் இடம் மேலே வரும்படி கலத்தைத் திருப்பிவிட்டு, அதன்பிறகு பி கிட்டை, அதாவது டன் கண்டெய்னர் கசிவை அடைக்கும் கருவிப்பெட்டியை, எடுங்கள். கிட் பயிற்சியில் கவனிக்க வேண்டியது கேஸ்கெட், அதாவது ஹூட்டின் இடுக்கை அடைக்கும் மெத்தை வளையம். போன முறை நசுங்கிய கேஸ்கெட்டை அப்படியே ஹூட்டுக்குள் வைத்து, கசிகிறது என்று ஹூட்டை அழுத்திப் பிடிக்கும் யோக்கை மேலும் மேலும் முறுக்குவார்கள். எல்லா நட்டையும் வெளியே, வெறும் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையுறையோடு செய்ய வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் கை இருந்தால் அதையும் ஒத்திகையிலேயே அடக்குங்கள்: ஈரக் குளோரின் உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும்.

ரேடியோல "ஆள் மயங்கிட்டார்"னு வந்தா நடிப்பா நிஜமான்னு எப்படித் தெரியும்?

தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் "பயிற்சி" என்ற சொல் வர வேண்டும். நிஜ ஆபத்துக்குத் தனியாக ஒரு சொல்லை முன்பே முடிவு செய்யுங்கள். பல இடங்களில் "நோ டஃப்" என்பார்கள். "இது நிஜம், இது நிஜம்" என்றாலும் சரி. அந்தச் சொல் கேட்டால் ஒத்திகை அந்த நொடியே நிற்கும், அதைச் சொல்லும் உரிமை கடைநிலை உதவியாளருக்கும் உண்டு. கதையமைப்பில் எங்குமே அந்தச் சொல்லை நடிப்புக்காகப் பயன்படுத்தக் கூடாது. ரேடியோ செத்தால் கைசைகை: தொண்டையைப் பிடித்தால் காற்றில்லை, இரு கையும் தலைமேல் வைத்தால் உதவி தேவை.

இதில் ஒரு வினோதமான சிக்கல் வரும். ஒத்திகையில் நிஜமாகவே மயங்கியவரைப் பழக்கதோஷத்தில் டீகான் வரிசையில் படுக்கவைத்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மாசே இல்லாத இடம் அது. சூட்டை வெட்டித் திறந்து முகமூடியை எடுப்பதுதான் வேலை. முனை மழுங்கிய கனமான கத்தரிக்கோல் டீகானில் கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும்.

வெயில் நாள்ல சூட் போட்டு இறக்கலாமா? யாரை இறக்கக் கூடாது?

இறக்கலாம், ஆனால் அளந்து. உள்ளே போகும் முன் நாடி, இரத்த அழுத்தம், வெப்பநிலை, உடல் எடை நான்கையும் குறிக்க வேண்டும். பல குழுக்கள் வைத்திருக்கும் வரம்பு: 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 70 சதவீதத்தைத் தாண்டிய நாடி இருந்தால், அல்லது கீழ் இரத்த அழுத்தம் 105-க்கு மேல் இருந்தால் நுழைவு இல்லை. 30 வயதுக்காரருக்கு அந்த நாடி 133. வெளியே வந்தபின் மறுபடி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. நாடி இறங்காதவர் இரண்டாம் முறை போகக்கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். சூட்டை முழுதாகப் பூட்டி வெயிலில் காத்திருக்க வைப்பது நடத்துபவரின் தவறு. ஜிப்பைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள், மாற்று இணைக்கு நிழல் கொடுங்கள்.

சொல்லாம திடீர்னு வெச்சா தானே உண்மை தெரியும்?

ஆட்களைக் கூப்பிட்டு எத்தனை நிமிடத்தில் கூடுகிறார்கள் என்று பார்க்க மட்டும் திடீர் ஒத்திகை வைக்கலாம். சூட் நுழைவைத் திடீரென்று வைக்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன உடல் பரிசோதனையும், மாற்று இணையும், மருத்துவ வண்டியும் திட்டமிடாமல் வராது. காவல், மருத்துவமனை, தீயணைப்புக் கட்டுப்பாட்டறை, அக்கம்பக்கம் எல்லாருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு, கதையை மட்டும் மறைத்துவையுங்கள். அதே நேரத்தில் நிஜ அழைப்பு வந்தால் போக ஒரு வண்டியும் ஆட்களும் ஒத்திகையில் சேராமல் நிற்க வேண்டும்.

வருஷத்துக்கு எத்தனை தடவை போதும்?

சட்டம் சொல்வது அடித்தளம் மட்டுமே. ஐரோப்பாவின் செவெசோ-3 ஆணை, பேராபத்து ஆலைகளின் அவசரகாலத் திட்டத்தை அதிகபட்சம் 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. கைத்திறன் அவ்வளவு நாள் தாங்காது. பிஏ செட்டும் சூட்டும் மாதம் ஒருமுறை, டீகானும் கிட்டும் காலாண்டுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று டேபிள்டாப், வருடத்தில் ஒரு ஃபுல் ஸ்கேல்: இது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. பணம் குறைந்தால் ஃபுல் ஸ்கேலை வெட்டுங்கள், மாதப் பயிற்சியை அல்ல.

நேரம் எடுத்து மார்க் போடலாமா? மேலதிகாரிகள் அதைத்தான் கேட்கறாங்க.

சூட் மாட்டும் வேகத்துக்கு மார்க் போட்டால் ஜிப் மூடியை ஒட்டாமல் ஓடுவார்கள். அளக்க வேண்டிய நேரங்கள் வேறு: வந்து சேர்ந்ததிலிருந்து ஒதுக்க எல்லை போடும்வரை, பொருள் எதுவென்று இரண்டு தனித்தனி ஆதாரத்தால் உறுதி செய்யும்வரை, முதல் காற்று எடுத்ததிலிருந்து முகமூடி கழற்றும்வரை. மதிப்பிடுபவர் வாய்திறந்து குறிப்புக் கொடுக்கக் கூடாது. ஆபத்தாகப் போனால் மட்டும் நிறுத்தலாம். எல்லாம் சரியாக நடந்தது என்று அறிக்கை வந்தால் கதை மிகச் சுலபமாக இருந்திருக்கிறது. அடுத்த முறை நடுவில் காற்றைத் திருப்புங்கள், அல்லது குழுத்தலைவரை "கால் பிசகிவிட்டது" என்று வெளியே எடுத்துவிடுங்கள்.

முடிஞ்சதும் ரிப்போர்ட் எழுதி ஃபைல்ல வைக்கறோம். வேற என்ன செய்யணும்?

வியர்வை காயும் முன், 15 நிமிடத்துக்குள், எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். முதலில் உள்ளே போனவர்கள், பிறகு டீகான், கடைசியில்தான் தலைவர். தலைவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். "தகவல்தொடர்பு மேம்பட வேண்டும்" என்று எழுதாதீர்கள். "3-ஆம் சேனலில் முகமூடிக்குள்ளிருந்து பேசுவது புரியவில்லை, தொண்டை மைக் இரண்டு வாங்கிச் சோதிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். பயன்படுத்திய சிலிண்டர்களை நிரப்பி, நசுங்கிய கேஸ்கெட்டை மாற்றி, கிட்டில் ஒவ்வொரு துண்டையும் எண்ணி வைத்தபிறகே ஆட்களைக் கலையவிடுங்கள். நிஜ அழைப்பு அன்று மாலையே வரலாம்.

அடுத்த ஒத்திகையின் முதல் 20 நிமிடத்தைப் போன முறை கெட்டுப்போன அந்த ஒரு துண்டுக்கு ஒதுக்குங்கள். முழுக் கதையும் தேவையில்லை. மணிக்கட்டு மடிப்பில் மினுங்கியிருந்தால், மணிக்கட்டை மட்டும் திரும்பக் கழுவிப் பார்த்து விளக்கடியுங்கள்.